தீக்குச்சி செருகிய வரி

காஜா பேராங்கில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். மலாயா சுதந்திரத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. விழா நிரல், வாழ்த்து மடல் என்று வேலை குவிந்ததில், சொற்களுக்கு நடுவே வைக்கும் வெற்று ஈயக்கட்டைகள் தீர்ந்துவிட்டன. எழுத்தைவிடக் குள்ளமான கட்டைகள்; மை படாது, தாளில் தெரியாது. தெரியாத பொருள்தானே என்று எனக்கு அவற்றின்மேல் எப்போதும் அலட்சியம்.

அந்த நேரத்தில் பக்கத்துச் செட்டிக் கம்பத்திலிருந்து, தலைமுறைகளாக மலாய் பேசியே வாழும் செட்டிகளின் குடியிருப்பிலிருந்து, ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அந்த வீட்டில் யாருக்கும் தமிழ் வாசிக்க வராது; ஆனாலும் பத்திரிகை தமிழில்தான் வேண்டும். பெண் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் நடுவில் கட்டை போதாமல், தீக்குச்சியை ஒடித்துச் செருகினேன்.

மெஷின் ஓட்டும் அண்ணன் புக்கிட் காதிலிலிருந்து சைக்கிளில் வருபவர்.

"தம்பி, பக்கத்தத் தூக்கிப் பாத்தீங்களா? ஒண்ணும் ஆடலியே?"

"பாத்தாச்சுண்ணே."

பார்க்கவில்லை. சட்டத்தில் இறுக்கிய எழுத்துப் பக்கத்தைத் தூக்கி, எதுவும் ஆடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பசி, அவசரம், கொழுப்பு.

முதல் தாள்கள் சுத்தமாக வந்தன. என் பேச்சை நம்பி மீதியை மளமளவென்று ஓட்டிவிட்டார். எழுத்தைத் துடைத்த மண்ணெண்ணெயில் ஊறியிருந்த குச்சி, காயக் காயச் சுருங்கியது. வரி தளர்ந்து, பக்கத்துக் கட்டை எழும்பி மையைத் தொட்டுவிட்டது.

பெண்ணின் தாயார் வந்து பத்திரிகைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இரண்டு பெயர்களுக்கும் நடுவே கறுப்புப் பட்டை. மஞ்சள் தடவ வேண்டிய பத்திரிகை. அந்த அம்மா மலாயில் திட்டிக்கொண்டே அழுதார்.

"கண்ண எங்க வெச்சிக்கிட்டு ஓட்டுனே? நாளையிலேர்ந்து வராத!" முதலாளி அண்ணன்மேல்தான் பாய்ந்தார்.

"சரிங்க மொதலாளி. அந்தக் கடுதாசி மட்டும் குடுத்துருங்க."

குடியுரிமை மனுவோடு வைக்க, எட்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறார் என்று முதலாளி எழுதித்தருவதாகச் சொல்லியிருந்த கடிதம் அது.

"ஒண்ணும் கெடையாது, போ!"

நான் எழுத்துப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அதே கடிதம் வேண்டியிருந்தது. 

அண்ணன் அந்தப் பக்கத்தைப் பிரித்துவைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். என்னிடம் வந்து, என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடினார். மூன்று தீக்குச்சித் துண்டுகள்.

"வெளிய வீசிருங்க தம்பி. மொதலாளி பாத்தா ஒங்க கடுதாசியும் போயிரும்."

வீசிவிட்டேன். கடிதமும் வாங்கிக்கொண்டேன். அதை வைத்துத்தான் இந்த நாட்டுக் குடிமகன் ஆனேன்.