ஹெஸ்டர் வாயில் ஒரு பெயர்

நொடித்துப்போன குடும்பங்களைப் போல நொடித்துப்போன சொற்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'காஸிப்' அப்படி ஒன்று. இன்றைக்கு அதற்கு ஊர்வம்பு என்று பொருள். வம்பளக்கும் ஆளுக்கும் அதே பெயர்தான். ஆனால் அது பிறந்த இடம் கோயில். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது கூட நின்று, இதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவர்களை, கடவுள் வழியில் வந்த சொந்தம் என்று அந்தக் காலத்து ஆங்கிலத்தில் சொன்னார்கள். ரத்தத்தில் வராமல் தண்ணீரில் வந்த உறவு. அதைத்தான் நாக்கு தேய்த்துத் தேய்த்துக் காஸிப் ஆக்கியது.

அப்புறம் அந்தச் சொல் கோயிலை விட்டு வீட்டுக்குள் வந்தது. நெருங்கிய சிநேகிதியைக் குறித்தது. பிரசவத்துக்குத் துணையாக வந்து உட்காரும் பெண்களைக் குறித்தது. அவர்கள் ஜன்னலை அடைத்து, சாவித் துவாரத்தில் துணியைத் திணித்து, சுடச்சுடக் கஞ்சியும் மதுவும் கலந்து குடித்துக்கொண்டு உள்ளே இருப்பார்கள். வெளியே சோறு போட ஆளில்லாத ஆண்கள். உள்ளே சிரிப்புச் சத்தம். நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? அன்றைக்குப் பிடித்தது சனி. ஞான உறவாக இருந்தவள் வாயாடி ஆனாள். கொஞ்ச காலத்தில் வாயாடியின் பேச்சுக்கே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

யார்க்ஷயர் மலைப்பக்கத்தில் பெக்ஃபோல்ட் என்கிற ஊரில், போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு ஒழிந்து எல்லோரும் பல் வலிக்க வலிக்க இனிப்பு தின்றுகொண்டிருந்த காலத்தில், இந்தச் சொல்லை ஊரார் ஒரே ஒருத்திக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹெஸ்டர் ஆல்டர்சன். ஐம்பத்தெட்டு வயது, அகலமான தோள், சலவைச் சோடாவில் ஊறிச் சிவந்த கைகள். ஊரில் பாதி வீட்டுத் துணியை அவள்தான் வெளுத்தாள்.

துணி வெளுப்பவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் படுக்கை என்று விரிப்புகள் சொல்லும். மதுவை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்தவனின் சட்டை அவனைக் காட்டிக்கொடுக்கும். திங்கட்கிழமை ஊறப்போட்டதைச் செவ்வாய்க்கிழமை காயப்போடும்போது செய்தியும் சேர்ந்து கொடியில் தொங்கும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தோட்டத்தில் மிஞ்சிய காயை அக்கம்பக்கத்தில் கொடுப்பதைப் போலத்தான் கொடுத்தாள். பொய்யும் சொல்ல மாட்டாள். அதுதான் பெரிய தொந்தரவே. கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்றுதான் அவள் புருஷன் சேத் சீக்கிரமாகவே கல்லறைக்குப் போய்விட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதையும் முதலில் சொன்னது அவள்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிறந்த குழந்தையின் பெயரை ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் சொல்லும்வரை யாரும் வெளியே உச்சரிக்கக் கூடாது. பெயர் முந்திக்கொண்டால் குழந்தை தங்காது என்று நம்பினார்கள். அதுவரைக்கும் 'சின்னவன்', 'அது', 'மேல்வீட்டு மூட்டை' என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள். தொட்டியருகே பாதிரியார் கேட்கும்போது, பொறுப்பேற்று நிற்கிற ஞானத்தாய்தான் பெயரைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லுடைக்கும் க்ளிஃபின் மனைவி ஐவிக்கு முதல் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போன ஹெஸ்டரிடம், ஆசை தாங்காமல், ஐவி பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது கறிக்கடைவரைக்கும் போய்விட்டது. கறிக்கடை வில்ஃப், வேலை முடிந்து வந்த க்ளிஃபை, பிள்ளையின் பெயரைச் சொல்லியே வாழ்த்தினான். அடுத்த வாரம் பிள்ளை போய்விட்டது. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு என்றார் டாக்டர். யாரும் ஹெஸ்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. க்ளிஃப் மட்டும் தங்கள் வீட்டுத் துணியை அடுத்த ஊருக்கு அனுப்பத் தொடங்கினான். தெருவில் அவளைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். அத்தனை வீட்டு அழுக்கையும் வெளுத்தவளுக்குத் தன் மனசில் பட்ட அந்தக் கறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேச்சை நிறுத்தினால் யோசனை வந்துவிடும்.

இப்போது ஐவிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. பையன். ஊரார் வழக்கப்படி முட்டையும் உப்பும் வெள்ளிக்காசும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஹெஸ்டர் போகவில்லை. ஐவியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனவளிடம், ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்றாள்.

ஹெஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "வேற யாரையாச்சும் பாரு தாயி. என் வாயப் பத்தி உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன் அத்தே. அன்னிக்கு நான்தானே சொன்னேன். பேரு என்னன்னு நீங்க கேக்கக்கூட இல்ல."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"ரெண்டு நாளா சோத்துல கை வைக்கல. அப்புறம், உன் இஷ்டம்னுட்டார். உங்களாலதான் போச்சுன்னு அவர் நெனைக்கறார். நான் நெனைக்கல. ஆனா ராத்திரியில முழிச்சிக்கிட்டா, எனக்கும் அந்த நெனப்பு வருது. அந்த முள்ளை நீங்கதான் எடுத்துப் போடணும். வேற யார் எடுத்தாலும் வராது."

ஹெஸ்டருக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு சரி என்றாள். ஐவி அவள் காதருகே குனிந்து பெயரைச் சொன்னாள். ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

ஊருக்கு இது திருவிழாவாகப் போயிற்று. ஹெஸ்டர் வாயில் ரகசியமா, சல்லடையில் தண்ணீரா என்று சிரித்தார்கள். வில்ஃப் நல்ல சிறுநீரகத் துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொல்லி அவள் முகத்தைப் பார்ப்பான். எட்வர்டா? ஆல்பர்ட்டா? பாட்டன் பெயரா? அவள் கறியைத்தான் பார்ப்பாள். பெண்கள் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். எந்நாளும் கண்ணில் காட்டாத பழ கேக்கை வெட்டி வைத்தார்கள். அவள் கேக்கைத் தின்றாள், தொண்டை சரியில்லை என்று கழுத்தைக் காட்டினாள், எழுந்து வந்தாள். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தது. தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

வேலை நேரத்தில் இன்னும் நல்ல வழி கண்டுபிடித்தாள். துணிக்கொடியில் மாட்டும் மரக்கவ்விகளைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொள்வது வெளுப்பவர்களின் வழக்கம்தான். ஹெஸ்டர் அவற்றைக் கடித்துக்கொண்டே தெருவில் நடந்தாள். தபால்காரனுக்கு அப்படியே தலையாட்டினாள். மழை நாளில், காயப்போட ஒரு கைக்குட்டைகூட இல்லாதபோதும், வாயில் இரண்டு கவ்வியோடு கடைக்குப் போய் மாவு வாங்கினாள். வீட்டில் பூனைகூடக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

சிரமம் என்னவென்றால், அந்த ஒரு பெயரை மட்டும் அடக்கிக்கொண்டு மற்றதைப் பேச அவளால் முடியவில்லை. ஒரு செய்தியை விட்டால் பின்னாலேயே இதுவும் வந்துவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் அடக்கினாள். பெக்ஃபோல்டுக்கு அந்த மூன்று வாரமும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. யாருக்குக் காய்ச்சல், யார் பெண் யாரோடு பேருந்தில் போனாள் என்று எதுவும் தெரியவில்லை. மேல்தெருக் கிழவர் ஒருவர் வழுக்கி விழுந்து அரைநாள் கிடந்திருக்கிறார். முன்பென்றால் ஹெஸ்டர் மூலமாக ஒரு மணி நேரத்தில் ஊர் கூடியிருக்கும். வாயாடி என்று கேலி பேசியவர்களுக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. உறைத்ததே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

ஞானத்தாய் சொல்ல வேண்டிய பதில்களைச் சொல்லிக்கொடுக்க, பாதிரியார் ஆஷ்க்ராஃப்ட் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். இளைஞர், படித்ததை வீணாக்க மனமில்லாதவர். காஸிப் என்ற சொல்லின் பூர்வீகத்தை அவளுக்கு விரிவாகச் சொன்னார். பழைய கணக்கில் பார்த்தால் அவளுக்கு ஊரார் வைத்த பேரே ஞானத்தாய் என்றுதான் பொருள்படும் என்றார். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

ஹெஸ்டர் கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். "அவ்வளவு நல்ல பேரைக் கெடுத்தது யாருங்கய்யா?"

காலம்தான், பல நூறு வருஷம், என்று இழுத்தார் அவர்.

"என்னை மாதிரி நாலு பேர் இருந்திருப்பாங்க" என்றாள் அவள். பிறகு சற்று யோசித்து, "வெளிய நின்ன ஆம்பளைங்களுக்கும் பங்கு உண்டு" என்று சேர்த்துக்கொண்டாள். கவ்வியை மறுபடி கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயிலில் உட்கார இடமில்லை. ஈஸ்டருக்குக்கூட வராத ஆண்கள் கடைசி வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் பெயர் தெரியாது. மூன்று வாரமும் பெயர் வெளியே வரவில்லை என்பதே யாராலும் நம்ப முடியாத விஷயமாக இருந்தது. வில்ஃப் சுத்தமான காலர் போட்டு வந்திருந்தான். தொட்டியருகே ஐவி, கையைக் கட்டிக்கொண்டு க்ளிஃப், ஞானத்தகப்பன்களாக நின்ற அவன் தம்பிகள் இரண்டு பேர், நடுவில் குழந்தையோடு ஹெஸ்டர்.

பாதிரியார் கேட்டதற்கெல்லாம் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு, இந்தக் குழந்தைக்குப் பெயர் சொல்லுங்கள் என்றார்.

ஹெஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

யாரோ இருமினார்கள். தம்பிகள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். பாதிரியார் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கக் கேட்டார். ஹெஸ்டரின் தாடை மட்டும் அசைந்தது. மறந்துவிட்டாள் என்று கடைசி வரிசையில் கிசுகிசுத்தார்கள். மறக்கவில்லை. அத்தனை பேர் காதையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அவள் கை தானாகக் கோட்டுப் பையில் கவ்வியைத் தேடியது. இத்தனை நாள் அடக்கியதை இவர்கள் முன்னாலா அவிழ்ப்பது? க்ளிஃபின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

அவள் பாதிரியாரை விட்டுவிட்டு ஐவி பக்கம் திரும்பினாள். வாழ்நாளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"சொல்லலாமா தாயி?"

ஐவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சொல்லுங்க அத்தே. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ஜார்ஜ்" என்றாள் ஹெஸ்டர்.

கூரைவரைக்கும் கேட்டது. கடைசி வரிசையில் மூன்று ஜார்ஜ்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாளோ என்று நிமிர்ந்தார்கள். ஊரிலேயே மலிந்த பெயர். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் நெற்றியில் பட்டதும் ஜார்ஜ் வீறிட்டு அழுதான்.

பாதிரியார் குழந்தையை நீட்டினார். க்ளிஃப் கையைப் பிரித்து முன்னால் வந்து வாங்கினான். ஐவி அருகில்தான் நின்றாள். அவளிடம் அவன் போகவில்லை. ஹெஸ்டருக்கு எதிரே வந்து, பிள்ளையை அவள் கையில் வைத்தான்.

"புடிங்க அத்தே" என்றான். "தலையப் பாத்துக்கங்க."

அவன் இரண்டு வருஷம் கழித்து அவளிடம் பேசியது அதுதான். அன்று சாயங்காலம் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.