பார்க்கப்படாத நூற்று எண்பத்தேழு பேர்

மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு கணினி, சரியாக மூடாத ஒரு ஜன்னல். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே ஒரே ஆள்தான். எல்லோருக்கும் அவர் புள்ளியக்கா. வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை.

அக்காவின் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே எல்லாம் வந்துவிடும். என்ன கேள்வி, எத்தனை பேரை எண்ணினோம், விடை என்ன, எது தெரியவில்லை. அட்டவணைகள் பின்னால். "முதல் பக்கத்தோட மூடி வெச்சாலும் ஏமாந்து போகக்கூடாது" என்பார்.

இம்முறை கேள்வி, அவசரப் பிரிவுக்கு வருகிறவர் மருத்துவரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது. ஒரு மாதத்தில் வந்தவர்கள் 2,140. சராசரி இருபத்து நான்கு நிமிடம். கேட்டதும் கண்காணிப்பாளருக்கு வாயெல்லாம் பல்.

அக்காவுக்கு உறுத்தியது. 187 பேருக்கு மருத்துவர் பார்த்த நேரமே பதிவாகவில்லை. கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியைக் கணினி தானாகத் தள்ளிவிடும். போன மாதம் வரை அவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

வெளியே போகிறவர்களிடம் வாயிற்காவலர் பதிவுச் சீட்டை வாங்கி, அதில் நேரம் குறித்துக் கட்டி வைப்பார். அக்கா அந்தக் கட்டுகளைக் கேட்டார்.

"எதுக்குக்கா இந்தக் குப்பை? எடைக்குப் போட வெச்சிருக்கேன்."

"பார்த்துட்டுத் தர்றேன். அப்புறம் போடுங்க."

நான்கு நாட்கள் பிடித்தன. 131 பேரின் சீட்டு கிடைத்தது. சராசரியாக ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். மீதி 56 பேர் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. இருபத்து நான்கு நிமிடம், காத்திருந்து போன 131 பேர், தெரியாத 56 பேர், மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதினார்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அறிக்கைக்குப் பக்கத்தில் அக்காவின் ஒப்பந்தத் தாள் கிடந்தது.

"ஏம்மா, இருபத்து நாலு தப்பா?"

"தப்பில்ல சார். டாக்டரைப் பார்த்தவங்களுக்கு அது சரி."

"அப்ப அது போதுமே. இந்த நூத்தி எண்பத்தேழைக் கடைசிப் பக்கத்துல போடும்மா."

"கடைசிப் பக்கத்தை யாரு சார் படிப்பா?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா சிரிக்கவில்லை. "பார்க்க முடியாமப் போனவங்களை விட்டுட்டு, பார்க்க இவ்வளவு நேரமாகுதுன்னு எழுத எனக்குக் கை வராது."

கண்காணிப்பாளர் ஒப்பந்தத் தாளை விரலால் தட்டினார். "இன்னிக்குக் கையெழுத்துப் போடலாம்னு எடுத்து வெச்சேன்."

"தெரியுது சார்."

"அப்ப மாத்திக் கொண்டா."

"காலையிலேயே தபால் பிரிவுல எண் வாங்கி நிர்வாகக் குழுவுக்குப் போயிடுச்சு. உங்ககிட்ட இருக்கறது நகல்."

எண் விழுந்த அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது. திருத்தம் அனுப்பலாம், எழுதியவரின் கையெழுத்தோடு. அது இருவருக்கும் தெரியும்.

"திருத்தம் எழுது."

"எது தப்புன்னு காட்டுங்க. இங்கயே எழுதறேன்." பேனாவின் மூடியைக் கழற்றிக் காத்திருந்தார்.

கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு ஒப்பந்தத் தாளை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"பூட்டிட்டாரு."

அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான். மாசக் கடைசியில ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. பழைய அறிக்கை அத்தனையிலயும் காலிக் கட்டங்களை விட்டுட்டுத்தான் எண்ணியிருக்கேன், என் கையெழுத்துதான் இருக்கு. எல்லாத்துக்கும் திருத்தம் அனுப்பப் போறேன்."