மலைப்பக்கம் இல்லாத ஏரி

1962, மே 9, புதன்கிழமை. பூம்பாறையில் எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு எழுந்தோம். அம்மா பால் கறந்தாள், நான் தொழுவம் கூட்டினேன், அப்பா கடுங்காப்பி குடித்துவிட்டுப் பூண்டுத் தோட்டத்துக்குப் போனார். வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றுதான். அம்மா இரண்டு கட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஏழு மணி பஸ்ஸில் கோடைக்கானலுக்குப் புறப்பட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

காரணம் எங்கள் ஓடை. பள்ளிக்கூடமும் தோட்டமும் அதற்கு அக்கரையில் இருந்தன. கடப்பதற்கு ஒற்றை மரம் போட்டிருந்தது, பதினான்கு அடி நீளம். முந்தைய ஐப்பசி மழையில் அதிலிருந்து வழுக்கி விழுந்தேன். பின்னால் வந்த அப்பா சடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதன்பிறகு மரத்தில் கால் வைக்க மறுத்துவிட்டேன். சுற்றுப்பாதை ஒன்று உண்டு, இரண்டு மைல். காட்டெருமை நடமாடும் வழி என்பதால் பிள்ளைகளைத் தனியாக விடமாட்டார்கள். அம்மா மட்டும் விறகு பொறுக்கும் பெண்களோடு சேர்ந்து எப்போதும் அந்த வழியாகத்தான் தோட்டத்துக்குப் போவாள். விறகு கிடைக்கும் என்பாள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போதும் நான் இப்படியே இருந்தால் படித்தவரை போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவின் தம்பி கோடை ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். பூண்டை விற்றுவிட்டுப் போனதும், என் தண்ணீர்ப் பயம் தெளியட்டும் என்று, சீசன் கூட்டம் வருவதற்குள் எங்களை ஏற்றிக்கொண்டார்.

"ஓடைத் தண்ணியப் பூராம் குடிச்ச மகாராணி வந்துட்டாகளா? ஏரியக் கொஞ்சம் மிச்சம் வையுங்க தாயி."

கரையிலிருந்து சிறிது தூரம் போனதும் காற்று வந்து படகு ஆடியது. எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: சரிவில் கால் தடுமாறினால் மலைப்பக்கம் சாய்ந்துவிட வேண்டும். ஏரியின் வலது கரையில் மேடு தெரிந்தது.

"மலைப்பக்கம் சாயி," என்றாள் அம்மா.

இருவரும் ஒருசேர வலப்பக்கம் சாய்ந்தோம். படகின் விளிம்பு முங்கி, தண்ணீர் கணுக்கால்வரை உள்ளே வந்தது. மாமா சட்டென்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படகை நிமிர்த்தினார்.

"யக்கா, இதுல மலைப்பக்கமும் கெடையாது, பள்ளப்பக்கமும் கெடையாது. ரெண்டு பேரும் நடுவுல ஒக்காருங்க."

நான் கரைக்குப் போகலாம் என்று அழுதேன். மாமா படகைத் திருப்பினார்.

அம்மா தடுத்தாள். "வேணாம் தம்பி. நடு ஏரிக்கு விடு."

அவள் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. நான் விழுந்துவிடாமல் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். நடு ஏரியில் அவளே துடுப்பைக் கேட்டு வாங்கினாள். படகு இருந்த இடத்திலேயே இரண்டு முறை சுற்றியது. இந்த வேகத்தில் போனால் பொங்கலுக்குக் கரை சேரலாம் என்று மாமா கேலி செய்தார். அம்மா சிரிக்கவில்லை, துடுப்பை விடவும் இல்லை. பிறகு இன்னொரு துடுப்பை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். இருவருமாகக் கரைக்கும் நடு ஏரிக்கும் மூன்று தடவை போய்வந்தோம். மூன்றாவது தடவை நான் தண்ணீரை மறந்து, கரையில் போன குதிரைகளை எண்ணினேன். ஐந்து.

இறங்கியபோது என் மணிக்கட்டில் நான்கு நகத்தடம் இருந்தது. காட்டினேன். முந்தானையால் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் அப்பா விசாரித்தபோது, ஏரி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை, பால் கறப்பதற்கும் முன்னால், அம்மா என்னை ஓடைக்குக் கூட்டிப்போனாள். எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள்தான் முதலில் மரத்தில் ஏறினாள். எந்தப் பக்கமும் சாயாமல், அடிமேல் அடி வைத்து நடந்தாள். அக்கரையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் குனிந்தே நின்றாள். பிறகு திரும்பி, "வெரசா வா, சோலி கெடக்கு," என்றாள்.

பதினெட்டு சின்னச் சின்ன எட்டு வைத்து நானும் போய்ச் சேர்ந்தேன். தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இவ்வளவு கிட்டத்தில் வழி இருக்க, வெறும் விறகுக்காகவா அம்மா இத்தனை வருஷம் இரண்டு மைல் சுற்றினாள் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.