பாட்டுக்குள் ஒரு மோட்டார்

மணியம்மாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் பாஸ்கர் சார், "அந்த அம்மாவைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருப்பதியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அரக்கோணத்திலிருந்து பிழைக்க வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கடையின் மாடியில் பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் ஏழு பேர் கூடுவோம். ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து போட்டுக் கேட்போம். ஏழு பேரில் ஐந்து பேருக்கு உறையின் மேல்தான் ஆசை, காது அவ்வளவு போதாது. என்னையும் அந்த ஐந்தில் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்கர் சார்தான் எங்கள் தலைவர். எந்தத் தட்டு எந்த வருஷம் அச்சானது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அரிசிக் கம்பெனி பெயர் போட்ட கட்டைப்பையோடு மணியம்மா மாடியேறி வந்தார். கீழே கண் பரிசோதனைக்கு வந்தவர் வழி தவறிவிட்டார் என்று நினைத்து நானே படியிறங்கச் சொன்னேன். அவர் இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, "இத்த வாசிக்கிறவன் இன்னும் எத்தினி பிளேட்டு போட்டிருக்கான்னு தெரியணும் சார்" என்றார்.

வயது ஐம்பதைத் தாண்டியவர். சூளூர்பேட்டையில் ரங்கையா என்பவரின் கடையில் மோட்டார் காயில் கட்டுவதுதான் வேலை. போர் மோட்டார், ஃபேன், மிக்ஸி எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உரித்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார். அவர் ஊருக்கு அங்கிருந்து சத்தியவேடு பக்கமாக உள்ளே போகவேண்டும். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு என்று வாழ்கிற எல்லைக் கிராமம். நாலு தலைமுறையாகக் கூலி வேலை பார்த்த குடும்பத்துக்கு இருபது வருஷத்துக்கு முன் அரசாங்கம் ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுத்தது. கணவர் துலுக்காணம் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நிலத்தைக் கணவரின் தம்பி சந்துரு உழுகிறான். உழுது துன்னட்டும் என்று மணியம்மாவே விட்டுவிட்டார்.

தட்டு அவரிடம் வந்த கதை வேடிக்கையானது. யாரோ ஒருவர் ரங்கையா கடையில் ரிகார்டு பிளேயர் ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போனவர் திரும்பவே இல்லை. அதன் மேல் ஒரு தட்டு இருந்தது. மணியம்மா மோட்டாரைச் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்க்க அந்தத் தட்டைப் போட்டிருக்கிறார். மணி அடித்தது போல ஒரு நாதம் வந்தது. ஆனால் ஒரே சீராக வராமல் நடுங்கிக்கொண்டே வந்தது. தன் கைவேலையில்தான் கோளாறு என்று முடிவுகட்டி மோட்டாரைக் கழற்றி மறுபடி சுற்றினார். மறுபடியும் நடுக்கம். இன்னொரு தரமும் சுற்றினார். மூன்றாம் முறை தட்டின் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, அது சுற்றி வருவதையும் நடுக்கத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது இரண்டும் பொருந்தவில்லை. "இது என் மோட்டார் இல்ல நைனா. பாட்டுக்குள்ள வேற ஒரு மோட்டார் ஓடிக்கினு இருக்குது" என்று ரங்கையாவிடம் சொன்னாராம். ரங்கையா சிரித்துவிட்டு, பிளேயரையும் தட்டையும் நீயே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.

மணியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தத் தட்டில் வாசித்தவர் வெர்னல் கிரேடி என்ற அமெரிக்கக் கறுப்பர். வைப்ரஃபோன் வாசித்தவர். வரிசையாக அடுக்கிய அலுமினியப் பட்டைகளை நூல் சுற்றிய குச்சியால் தட்டுகிற வாத்தியம் அது. ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் ஒரு குழாய், குழாயின் வாயில் ஒரு சின்னத் தகடு. மோட்டார் ஒன்று அந்தத் தகடுகளைச் சுழற்றும். குழாய் வாய் மூடித் திறக்க மூடித் திறக்க, நாதம் நடுங்கும். இதையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு படிப்பும் இல்லாமல் கேட்டே கண்டுபிடித்தவரைத்தான் நான் படியிறங்கச் சொல்லியிருந்தேன்.

கிரேடி போட்டது மொத்தம் ஐந்தே தட்டு. ஒரு வருஷத்தில் நான்கு தட்டுகளை மணியம்மா சேர்த்துவிட்டார். ஊரில் அதற்கு டம்ளர் பாட்டு என்று பெயர் வைத்தார்கள். எவர்சில்வர் டம்ளரைத் தட்டுகிற சத்தத்துக்காகவா நாயுடுபேட்டையில் பஸ் மாறித் திருப்பதிக்குப் போகிறாய் என்று கேலி பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தட்டு தட்டிட்டு நிக்கிறான் சார். அடுத்தத தட்டணும்னு அவனுக்கு அவசரமே இல்ல. அந்தச் சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் காத்துக்கினு இருக்கான். என் ஆயுசுல என்னை யாரும் அப்பிடி நிக்க வுட்டதே இல்ல" என்றார்.

நான்காவது தட்டின் இரண்டாம் பக்கத்தை முதன்முதலாக எங்கள் மாடியில்தான் போட்டோம். அதில் நடுக்கம் இல்லை. ஒலிப்பதிவு மட்டம், உயிரே இல்லை என்று பாஸ்கர் சார் தீர்ப்புச் சொன்னார். மோட்டாரை நிறுத்திவிட்டு வாசிக்கிறார், அதனால்தான் இப்படி நேராக வந்து நெஞ்சில் படுகிறது என்று மணியம்மா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில், இந்தப் பக்கம் முழுவதும் மோட்டார் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை நான் அப்போதே பார்த்துவிட்டேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. தலைவரின் முகம் சுண்டிப்போகுமே என்ற பயம். அடுத்த மாதம் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன். ஊகம் பலித்துவிட்டது என்றார் பாஸ்கர் சார். "ஊகம் இல்ல சார், காது" என்றார் மணியம்மா. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவருக்கு நான் செய்த பெரிய கெடுதல் இதுவல்ல. அது போன மே மாதம் நடந்தது.

அவர் ஊரில் அப்போது நில அளவை நடந்துகொண்டிருந்தது. எந்தத் துண்டு யாருடையது என்று புதிதாக அளந்து எழுதுகிறார்கள். டீக்கடையிலும் குழாயடியிலும் ரிகார்டு, ரிகார்டு என்றுதான் பேச்சு. அந்த ஊரில் ரிகார்டு என்றால் நிலப் பத்திரம். வேறு அர்த்தமே கிடையாது. இது தெரியாமல், அவருடைய தட்டுகள் எந்த வருஷத்து அச்சு என்று பாஸ்கர் சார் பார்க்க ஆசைப்பட்டதால், நான் மணியம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் செல்லைச் சந்துரு வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். எடுத்தவன் சந்துரு. நானோ வாயாடி. "மணியம்மா கிட்ட சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை திருப்பதிக்கு வரும்போது ரிகார்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வரட்டும். ஒரிஜினல்தான் வேணும். பாஸ்கர் சார் ஒரு தடவை பார்த்துட்டா வேலை முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சந்துருவுக்குத் தலை சுற்றியிருக்கும். பாட்டு என்பதெல்லாம் சாக்கு, அண்ணி மாதாமாதம் திருப்பதிக்குப் போவது புரோக்கரைப் பார்க்கத்தான், நிலம் கைமாறப் போகிறது என்று நினைத்துவிட்டான். அவன் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த மண்ணை விட்டால் அவனுக்கு மறுபடி கூலிதான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய் இருக்கிறதே. அவன் கேட்கவில்லை. மணியம்மா வேலையில் இருந்தபோது வீட்டுக்குள் போய், பூட்டியிருந்த அவருடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னாள் சர்பஞ்சு, அதாவது பழைய ஊராட்சித் தலைவர், நாகபூஷணத்திடம் ஒப்படைத்துவிட்டான். அவர் அதைத் தன் வீட்டுத் தகர ஷெட்டில் வைத்தார்.

மாலையில் மணியம்மா வந்து கேட்டபோது, எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே இருப்பது பாட்டுத் தட்டு என்றார் மணியம்மா. அப்படியானால் பட்டா எங்கே என்றார்கள். அதுவும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்றார். பின்னே திற என்றார்கள்.

"தொறக்க மாட்டேன். தூக்கிக்கினு போனவன் தூக்கியாந்து, எடுத்த எடத்துல வக்கட்டும். அப்பறம் தொறக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பூட்டை உடைக்க நாகபூஷணம் சம்மதிக்கவில்லை, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். பெட்டி ஷெட்டிலேயே கிடந்தது.

ரங்கையா மூலமாக விஷயம் எனக்குத் தெரிய வந்தது. அக்னி நட்சத்திர வெயில். தகர ஷெட்டுக்குள் தகரப்பெட்டி. இசைத்தட்டுக்கு வெயிலைவிடப் பெரிய எமன் கிடையாது, இரண்டு மதியம் போதும், அப்பளம் மாதிரி வளைந்துவிடும். உடனே மணியம்மாவைக் கூப்பிட்டு, தப்பு முழுக்க என்னுடையது, தயவுசெய்து அங்கேயே திறந்து காட்டிவிடுங்கள், கௌரவம் பார்த்தால் நான்கும் போய்விடும் என்று கெஞ்சினேன்.

"தெரியும் சார். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இன்னைக்கு அங்க போயி தொறந்தேன்னா, நாளைக்கு எது வாங்கினாலும் அவங்க கிட்ட தொறந்து காட்டணும். நாலு தலைமொறயா யாருக்கு எத்தத் தொறந்து காட்டலன்னு சொல்லுங்க. இன்னா கேக்கணும்னு கூடவா நான் உத்தரவு வாங்கணும்? வளைஞ்சா பிளேட்டுதான வளையும்."

எனக்குக் கோபமும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. எதிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

நான்கு நாள் இப்படியே போனது. திங்கட்கிழமை அவர்கள் தெருப் பக்கத்து நிலத்தை அளக்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. பட்டா கையில் இல்லாவிட்டால் நிலம் தகராறில் விழும், சந்துரு உழுகிற நிலமும் அதுதான். ஞாயிறு காலை அவன் இறங்கி வந்தான். கடையைப் பூட்டிவிட்டு நானும் அங்கே போயிருந்தேன். என்னைப் பார்த்ததும், இவன்தான் அந்த புரோக்கர் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் சும்மா இருங்கள் சார், நீங்கள் பேசினதே போதும் என்றார் மணியம்மா. நியாயம்தான்.

சந்துரு பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கிவந்து, கட்டிலுக்கு அடியில் எடுத்த இடத்திலேயே வைத்தான். நாகபூஷணமும் பத்துப் பதினைந்து பேரும் வாசலில் நின்றார்கள். மணியம்மா சாவியை எடுத்துத் திறந்தார். நான்கு தட்டுகள், உறையோடு. நான்காவது உறைக்குள் கையை விட்டு, பாலித்தீன் சுற்றிய ஒரு தாளை எடுத்தார். வீட்டில் ஈரம் படாத, கரையான் அண்டாத, யார் கையும் போகாத இடம் அது ஒன்றுதான் என்று பட்டாவை அங்கே வைத்திருந்தார். நாகபூஷணம் வாங்கித் தெலுங்கில் உரக்கப் படித்தார். பட்டாவில் துலுக்காணத்தின் பெயர் இல்லை. ஆரம்பத்திலிருந்தே மணியம்மாவின் பெயர்தான் இருந்தது. சந்துரு தலையைக் குனிந்துகொண்டான். தன் அண்ணன் இதைத் தன்னிடம் சொன்னதே இல்லை என்று முணுமுணுத்தான்.

காரியம் முடிந்தது என்று எல்லாரும் செருப்பைத் தேடினார்கள்.

"யாரும் போவாதீங்க" என்றார் மணியம்மா. "அந்த ரிகார்டைப் பாத்துட்டீங்க. இந்த ரிகார்டையும் கேட்டுட்டுப் போங்க. நாலு நாளு வச்சிருந்தீங்களே, உள்ள இன்னா இருந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் நாகபூஷணம் முதலில் உட்கார்ந்தார், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மணியம்மா தட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பெட்டியின் அடியில் இருந்த மூன்றும் தப்பித்திருந்தன. மேலே இருந்த நான்காவது தட்டின் ஓரம் அலை அலையாக வளைந்திருந்தது. அந்த ஓரத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். நல்லவை மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் பிளேயரில் போட்டார், இரண்டாம் பக்கம்.

முள் படகு மாதிரி ஏறி இறங்கியது. கிரேடி ஒரு பட்டையைத் தட்டினார், காத்திருந்தார். நேராக வந்துகொண்டிருந்த நாதம் மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அந்தப் பக்கம் முழுதும் அப்படித்தான் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் மாடியில் கூட ஒரு பக்கத்தை இத்தனை அமைதியாகக் கேட்டதில்லை.

முடிந்ததும் சந்துரு மெதுவாக, "நல்லாத்தான கீது அண்ணி. இப்பிடிதான நடுங்கும், நீ சொல்லுவியே" என்றான்.

"இந்தப் பக்கத்துல நடுங்காது. கிரேடி மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு வாசிச்சான். நீதான் ஆன் பண்ணிட்ட" என்றார் மணியம்மா. "அதுவும் லோ வோல்டேஜ்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. மணியம்மா தட்டைத் துடைத்து உறைக்குள் போட்டார். பட்டாவை நாகபூஷணத்தின் கையிலிருந்து வாங்கி, அதே உறைக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். ஐந்தாவது தட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்லும்படி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் கேட்டார்.