வாசலைப் பார்த்து வைத்த துப்பாக்கி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து பத்து வருடம் போல ஆகியிருக்கும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள என் மனைவியின் ஊரில், ஆயுத பூஜையன்று பகலில் இது நடந்தது. அப்போது நான் திருச்சியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், வெளியூர் நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

என் மாமனார், சமஸ்தான காலத்தில் வேட்டைக்கு வருகிறவர்களுக்குக் காடு காட்டியவர். என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போனவை இரண்டு துப்பாக்கிகள். ஒன்று ரெட்டைக் குழல். மற்றது, குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அவருக்குப் பிறகு லைசென்ஸ் என் மச்சான் பேருக்கு மாறியது. மச்சான் பள்ளிக்கூட வாத்தியார். சாக்பீஸ் தவிர எதையும் குறி பார்த்து எறிந்தவரில்லை.

வருடம் முழுவதும் இரண்டும் ஒரு நீளப் பெட்டிக்குள் கிடக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். கூடத்துச் சுவரோரம் முழங்கால் உயரப் பலகை போட்டு, அதன்மேல் நெல் நிரப்பிய மரக்காலில் குழல் முனையைச் சாய்த்து வைப்பார்கள். முனை வாசலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். வீட்டு வினை அந்த வழியாக வெளியே போகும் என்பது நம்பிக்கை. பூசிய சந்தனத்தைத் துடைக்கமாட்டார்கள். அடுத்த வருடச் சந்தனம் அதன்மேல் ஏறும். பெண்கள் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தூரத்திலிருந்து சந்தனத்தைக் கரைத்துக் கொடுப்பதோடு சரி. சோதனைக்கு வரும் காவலரும் பூஜைப் பொருளாயிற்றே என்று துப்பாக்கிக் கட்டையில் வெட்டியிருந்த நம்பரை மட்டும் பார்ப்பார், மோர் குடிப்பார், போய்விடுவார்.

அந்த வருடம் மச்சானுக்கு அறந்தாங்கிக்கு மாற்றல் வந்தது. லைசென்ஸ்காரர் ஓர் ஊரிலும் துப்பாக்கி வேறோர் ஊரிலும் இருக்கக் கூடாது. வாடகை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. திருச்சியில் துப்பாக்கி வியாபாரி ஒருவர் இரண்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். என் மாமியார்தான் தயாராக இல்லை.

"ஒங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வாசல்ல நாய்கூட நின்னு யோசிச்சுத்தான் உள்ள வரும்" என்றார்.

"இப்பவும் அப்படித்தான் ஆத்தா. அதான் நீ இருக்கீல்ல" என்றார் மச்சான்.

"சிரிக்காதடா. அவுக கை பட்ட சாமான் இந்த வீட்ல வேற என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. பேப்பர்ல இருக்கீங்க, நாலும் தெரிஞ்சவுக."

நான் சட்டம் இன்னது சொல்கிறது என்று ஆரம்பித்தேன்.

"சட்டத்தையா கேட்டேன்? ஒங்களக் கேட்டேன்" என்றார் மாமியார். நான் காப்பியைக் குடித்து முடிப்பதில் கவனமாக இருந்தேன்.

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. இந்த ஆயுத பூஜை முடிந்ததும் துப்பாக்கிகள் திருச்சிக்குப் போகும். ஆனால் கடைசிப் பூஜை என்பதால் மாமியார் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். வழக்கமாகச் சூடத்தைத் தட்டில் கொளுத்திக் காட்டுவார்கள். இந்த முறை துப்பாக்கியின் மேலேயே வெற்றிலை வைத்து ஏற்ற வேண்டும் என்றார். வழியனுப்புகிற சாமிக்கு அதுதான் மரியாதையாம். மச்சான் உடனே ஒத்துக்கொண்டார். எப்படியாவது முடிந்தால் சரி என்றிருந்தது அவருக்கு.

நாட்டுத் துப்பாக்கியில் விசைக்கு மேலே மேடாக ஓர் இடம் இருந்தது. வருடக்கணக்கில் அப்பிய சந்தனம் அங்கேதான் தடிமனாகக் காய்ந்திருந்தது. மச்சான் அதன்மேல் வெற்றிலையை வைத்து, பெரிய கட்டிச் சூடம் ஒன்றை ஏற்றிவிட்டு வந்து, துப்பாக்கிக்கு எதிரே என்னோடும் என் மனைவியோடும் நின்றார். மாமியார் பலகைக்குப் பக்கத்தில் நின்று மணி அடித்தார். மச்சான் மனைவி அடுப்படியில் சுண்டலை இறக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம்.

நான் தலையைத் திருப்பியபோது, மூடியிருந்த வாசல் கதவில் முதுகைச் சாய்த்தபடி குழந்தை நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பொரி கேட்டுக் கிடைக்காத கோபம். கதவோரம் விழுந்திருந்த என் மனைவி கையை நீட்டி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "விழுந்து கும்பிடுடி கழுதை."

குழந்தை தொப்பென்று உட்கார்ந்தது. துப்பாக்கி வெடித்தது.

சத்தத்தைக் கேட்டதாக நினைவில்லை. தரை என் நெஞ்சில் இடித்தது. பிறகு காதில் ஒரு ரீங்காரம். கூடம் முழுவதும் வெள்ளைப் புகை. அதற்குள் சந்தனத் தூள் மழைபோல இறங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கி பின்னால் பாய்ந்து, சுவரில் சாய்த்திருந்த சாமி படத்தை உடைத்துவிட்டுக் கிடந்தது. மரக்கால் உருண்டு நெல் சிதறியிருந்தது. மணியை உயர்த்திய கையோடு மாமியார் அப்படியே நின்றார்.

ஒவ்வொருவராக எழுந்தோம். யாருக்கும் காயமில்லை. மச்சான் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "காலிதானே அது? காலிதானே?"

முதலில் தெளிந்தது மாமியார்தான். "சாமி காப்பாத்திருச்சு. விழுந்து கும்பிட்டதால பொழச்சோம். ஒங்கப்பாவே நின்னு காவல் காத்திருக்காக. இனிமே இதைப் போயி விக்கிறதா?"

"இன்னுமா ஆத்தா?" என்று கத்தினார் மச்சான். தன் தாயிடம் அவர் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். "நம்மளச் சுட்டதே அதுதான்!"

நான் கதவைப் பார்க்கப் போனேன். பழகிய புத்தி, எங்கே பட்டது, எத்தனை உயரம் என்றுதான் முதலில் கேட்கும். வேங்கைக் கதவில் ரவைகள் ஓர் அகலத் தட்டு அளவுக்குச் சிதறிப் பதிந்திருந்தன. என் இடுப்புக்குச் சற்று மேலே.

அதற்குள் குழந்தை எழுந்துவந்தது. எல்லோரும் கதவையே பார்ப்பதைக் கண்டதும், தன்னைத்தான் திட்டப்போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, "நான் இங்கிட்டுத்தேன் நின்னேன்" என்று சொல்லி, பழைய இடத்திலேயே போய்க் கதவில் முதுகை ஒட்டி நின்றது.

துளைகள் அவள் தலையைச் சுற்றி இருந்தன. உச்சி வகிட்டுக்கு மேலே நாலைந்து. இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் சில. மீதியை அவள் முகம் மறைத்துக்கொண்டிருந்தது.

மச்சான் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி, பாவாடையை இழுத்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் குழந்தையைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாதது.

"கடலைக்காட்டுல பன்னி எறங்குதுன்னு அவுகதேன் கெட்டிச்சு வச்சாக. அன்னைக்கே காச்சல் வந்து படுத்துட்டாக. படுத்துக்கிட்டே, ‘அதை எடுத்துக் குடு, மருந்தைப் பிரிச்சிடுறேன்’னாக. பொம்பளை தொடக்கூடாதே, எந்திரிச்சு நீங்களே எடுங்கன்னேன். எந்திரிக்கவே இல்ல. அப்பறம் யாராச்சும் பிரிச்சிருப்பாகன்னு இருந்துட்டேன்."

துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன். சூடம் எரிந்த இடத்தில் சந்தனம் வெடித்து உதிர்ந்திருந்தது. உள்ளே, குதிரை என்கிற சுத்தி அடித்தால் தீப்பொறி தருகிற செப்புக் கேப்பு கருகிப் பிளந்து தெரிந்தது. குதிரை அடிக்காமலே சூடத்தின் சூடு அதை வெடிக்கவைத்திருந்தது. இத்தனை வருடங்களாக அதைச் சந்தனம் மூடியிருந்தது. ஒவ்வொரு பூஜைக்கும் அந்தக் குடும்பம் முழுவதும் கெட்டித்த துப்பாக்கிக்கு நேராக நின்று கைகூப்பியிருக்கிறது. ரெட்டைக் குழலையும் மடித்துப் பார்த்தோம். அது காலி. அதையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மச்சான் துப்பாக்கியை எடுக்கக் குனிந்தார். மாமியார் அவரை விலக்கினார். மாமனாரின் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, இரண்டு துப்பாக்கிகளையும் தானே தூக்கி வைத்துச் சுற்றினார். யாரையும் தொடவிடவில்லை. வண்டி வரைக்கும் அவரேதான் சுமந்துபோனார்.

"கொண்டுபோயி குடுத்துட்டு வாங்க" என்றார். "இந்தத் தடவையாச்சும் நான் எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும்."

வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், ஒரு நிருபரின் செய்தி என் மேசைக்கு வந்தது: ‘சுத்தம் செய்தபோது துப்பாக்கி தவறுதலாக வெடித்தது.’ அதற்கு முன் அந்த வரியை எத்தனையோ முறை கைவைக்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்: ‘கெட்டித்தது யார்? காலி என்று பார்த்தது யார்?’ என் மாமியார் வீட்டில் அது காலி என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. ‘அது சும்மாதான் கிடக்கு’ என்று யார் எதைக் காட்டிச் சொன்னாலும், இன்றைக்கும் நான் அதற்கு நேரே நிற்பதில்லை.