பக்கத்து சீட்டு மூட்டை

பட்டறைத் தெருவில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவரும் கைகாட்ட மாட்டார்கள். மூட்டைக்காரர் என்று கேட்டால் டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து வழி சொல்வார். மூட்டை தூக்குகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மெக்கானிக். அதிலும் ஒரே ஒரு வேலைதான் எடுத்துச் செய்வார்.

சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்குவதற்கென்றே சிலர் வண்டி வைத்திருப்பார்கள். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் அவர்களுக்குப் போதாது. காயில்ஓவர் என்று தனியாக ஒரு செட் வாங்கி, அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து இவர் பட்டறையில் இறக்குவார்கள். ஷாக் அப்சார்பரும் அதன்மேல் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே துண்டாக இருக்கும். வெளியே திருகு மரை வெட்டி, அந்த மரையில் ஒரு வளையம் போட்டிருப்பார்கள். வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை அழுத்தினால் வண்டி நிமிரும், தளர்த்தினால் தணியும். மேலே ஒரு குமிழ். அதைத் திருப்பினால் விறைப்பு கூடும் அல்லது குறையும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மாட்டுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

மற்ற பட்டறைகளில் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்ட்டை முறுக்கிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூட்டைக்காரரிடம் அந்தப் பருப்பு வேகாது. மாட்டி முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

"வண்டியில யார் யார் போவீங்க? யார் எந்த சீட்டு?"

போகிறவர்கள் நேரில் வந்து அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். வர முடியாதவர்களுக்குப் பதிலாக அதே எடைக்கு மணல் மூட்டை உட்காரும். சுவரோரம் அஞ்சு கிலோ, பத்து கிலோ, இருபது கிலோ என்று மூட்டைகள் வரிசையாக இருக்கும். எல்லோரும் ஏறிய பிறகு இவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, டேப்பால் அளந்து, வளையத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்புவார். யாருக்காக வண்டியோ அவர்கள் பாரம் தெரியாமல் ஸ்பிரிங் வைப்பது கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி என்பார். பெண்களிடம் எடை கேட்கிற நேரத்தில் நோட்டையும் பேனாவையும் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை ஒரு புத்திசாலி, மனைவியின் எடையைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தே போய்விட்டாள். அவளுக்குப் பதில் மூன்று மூட்டைகள் ஏற வேண்டியதாயிற்று.

இப்படி ஊரார் குடும்பத்தையெல்லாம் உட்காரவைத்துப் பார்த்த மனிதர், சொந்தப் பெண்டாட்டியை மட்டும் உட்காரவைக்கவில்லை. அந்த வருத்தம்தான் இன்றைக்கும் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது.

மனைவிக்குப் பார்சல் ஆபீசில் வேலை. காலை முதல் மாலை வரை எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுவாள், மிஷின் பிறகுதான் ஆமாம் போடும். அதனால் ஆபீசில் அவளுக்குத் தராசு என்று பேர். அந்தத் தராசு தன் எடையை மட்டும் புருஷனிடம் சொன்னதே கிடையாது.

"ஊர்ல எல்லார் எடையும் நோட்ல இருக்கு. உன்னோடது மட்டும் இல்ல."

"நோட்ல எழுதிட்டு என்ன பண்ணப் போறீங்க? என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போற அன்னைக்கு சொல்றேன்."

எங்கேயாவது என்றால் அவளுக்கு ஒரே இடம்தான். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் ஒரு மலை தெரியும். உச்சியில் மரமே கிடையாது, வெறும் புல்வெளி என்றும், நின்றால் புடவையோடு ஆளையே தூக்குகிற காற்று என்றும் பார்சல் கொண்டுவந்த யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் தார் ரோடு பாதியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் பதினோரு கிலோமீட்டர் கல்லும் குழியும்தான். "வண்டி ரெடியாகட்டும், மொத சவாரி உனக்குத்தான்" என்று இவரும் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனசார சொன்னதுதான், அதில் பொய் இல்லை. பொய் பிறகு வந்தது.

பழைய வண்டி ஒன்றை வாங்கி, என்ஜினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, வருஷக்கணக்கில் மெருகேற்றினார். கடைசியாகக் காயில்ஓவர் செட்டும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவள் அரை நாள் லீவு போட்டாள். அடுத்து இரண்டு நாள் ஆபீஸ் கிடையாது. ஒரு பையில் இருவருக்கும் மாற்றுத்துணி, போர்வை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, நாலு மணிக்குப் பட்டறைக்கு வந்தாள்.

வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. நாலு சக்கரமும் தரையில் நிற்க, கடைசி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். வண்டி தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்பதால், பாரம் இறங்கிய பிறகே முறுக்குவது அவர் வழக்கம். சின்ன ரப்பருக்குக்கூட அவ்வளவு பார்க்கிறவர்! டிரைவர் சீட்டில் அவர் எடைக்கு மூட்டைகள் இருந்தன. பின்னால் கயிறு, மண்வெட்டி, டூல் பெட்டி. பக்கத்து சீட்டிலும் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இது தொண்ணூறுக்கு மேல இருக்கும் போலிருக்கே?"

"தொண்ணூத்தி நாலு" என்றார் இவர் தலைநிமிராமல்.

"நான் தொண்ணூத்தி நாலா?"

பக்கத்து ஷெட்டு வெல்டர் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், எல்லோருக்கும் அவன் நெட்டை. சேற்றுப் பந்தயங்களுக்கெல்லாம் இவரோடு ஒட்டிக்கொண்டு போகிறவன். அவன்தான் சிரித்தான்.

"அண்ணி, அது நான்!"

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. இருபது வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் யார் உட்காருவீங்க என்று கேட்ட வாய், தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து சீட்டு என்றதும் கை தானாக நெட்டையின் எடையை அடுக்கியிருந்தது. அந்த இடத்தில் "அடடா, தப்பாயிடுச்சு, நீ ஏறி உக்காரு" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. நெட்டைக்கு முன்னால் அசடு வழிய மனசு வரவில்லை.

"இப்ப மாத்த முடியாதாங்க?" என்று அவளே கேட்டாள்.

"அது பெரிய வேலை. எல்லாத்தையும் திருப்பிக் கழட்டணும். ஒரு நாள் முழுக்க ஆயிடும். அப்புறம் பாத்துக்கலாம்."

பச்சைப் பொய். கொக்கி மாதிரி வளைந்த ஒரு ஸ்பேனர் அந்தச் செட்டோடு வந்து, டிரைவர் கதவுப் பையிலேயே கிடந்தது. வளையத்தைத் திருப்ப அது போதும். பத்து நிமிஷ வேலை.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் "மொதல்ல ஒரு ட்ரையல் பாத்துட்டு வந்துடறேன்" என்று இவர் நெட்டையைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். அந்த மலைக்கேதான்! பதினோரு கிலோமீட்டரும் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. சாயங்காலம் சட்டையெல்லாம் புழுதியாக வந்து, எந்தக் கல்லில் எப்படி ஏறினோம் என்று மூச்சுவிடாமல் அளந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மேல காத்து எப்படி இருந்துச்சு?"

அவர் காற்றைக் கவனிக்கவே இல்லை.

பிறகு ஒரே ஒருமுறை அந்த வண்டியில் ஏறினாள், தம்பியின் புது வீட்டைப் பார்க்கப் போவதற்காக. நெட்டையின் பாரத்துக்கு நிமிர்த்தி, பந்தயத்துக்கு விறைப்பாக வைத்த வண்டி அவள் எடையை மதிக்குமா? ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப்போட்டது. இரண்டு தடவை தலை கூரையில் இடித்தது. இறங்கும்போது தலையைத் தடவிக்கொண்டே, "இந்த வண்டிக்கு என்னை அடையாளம் தெரியலைங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பஸ்தான்.

அடுத்த வாரம் பார்க்கலாம், இந்த மாசம் போகட்டும் என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இடையில் நெட்டை ஷெட்டை மூடிவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். பந்தயமும் நின்றது. பக்கத்து சீட்டில் யாருமே உட்காரவில்லை. அப்போதும் வண்டி அந்த இல்லாத மனுஷனுக்காக ஒரு பக்கம் நிமிர்ந்தே நின்றது. தெருவில் நிறுத்தும்போது அந்தச் சாய்வு இவர் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. மாற்றினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், முடிந்துவிட்டால் தான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தச் சின்ன வெட்கத்தைக் காப்பாற்றுவதற்காகவே அதைத் தொடாமல் விட்டார். மனுஷன் எதற்கெல்லாம் ரோஷம் பார்க்கிறான் பாருங்கள்.

போன வருஷம் அவளுக்கு முதுகெலும்பில் நோய் என்று தெரிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. எலும்பு அரித்துப்போயிருக்கிறது, குலுங்கக் கூடாது, மலை மேடெல்லாம் நினைக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ரோடோ குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு. வாடகைக் காரில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். வண்டியைத் தளர்த்திவைத்து அதிலேயே கூட்டிப்போகலாமே என்று இவருக்குத் தோன்றாமல் இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டு, நாள் முழுக்க வேலை செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம்கூட வைத்திருந்தார். அதற்கும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வாடகைக் கார்க்காரன் போன் பண்ணினான். கார் நின்றுவிட்டதாம், வர முடியாதாம். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வேறு நாலு பேருக்குப் போன் போட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. அவள் புறப்பட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வண்டி நின்றது. அதைத் தூர எடுத்துப்போய்ச் செய்துவிட்டு வர நேரமில்லை.

அவர் கதவுப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உன் எடை எவ்வளவும்மா?"

"இருபத்தாறு வருஷமா கேக்கறீங்க" என்று சிரித்தாள். பிறகு, பார்சலுக்குச் சொல்வது போலவே சொன்னாள். "முப்பத்தொம்போது. போன தடவைதான் ஆஸ்பத்திரியில பாத்தாங்க."

அவர் மனசில் எப்போதும் அம்பத்திரண்டு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். ஜாக்கி போட்டுப் பக்கத்து சீட்டுப் பக்கத்தைத் தூக்கினார். பெரிய வளையம் நகராமல் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் தட்டித் தளர்த்தினார். பெரிய வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். குமிழைக் கடைசிவரை திருப்பி விறைப்பைக் குறைத்தார். பின்சக்கரத்துக்கும் அதே. ஜாக்கியை இறக்கினார். அவள் நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏற அவளால் முடியவில்லை. இவரே தூக்கி உட்காரவைத்தார். முப்பது வருஷமாக மூட்டை தூக்கிய கைக்கு அந்த எடை ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை உடைத்தது. முகத்தை மறைக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, டேப்பை நீட்டி அளந்தார். கண் கலங்கி எண் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். தான் ஏறினால் தணிகிற அளவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

தோண்டிய ரோட்டில் மெதுவாக ஓட்டினார். முதல் பள்ளம் வந்ததும் அவள் பழக்கத்தில் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். வண்டி இறங்கி, ஏறி, அடங்கியது. இரண்டாவது பள்ளத்துக்கு முந்தானை மடியிலேயே இருந்தது. அவள் வண்டியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவுதானா வேலை?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அன்னைக்கும் இவ்வளவுதானா?"

"ஆமா" என்றார். "அன்னைக்கும் பத்து நிமிஷம்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. வீடுகளுக்கு மேலே, தூரத்தில் தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் ஏதோ பெரிய வேலைன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன். நமக்காக ஏன் அவ்வளவு கஷ்டப்படணும்னு, அப்புறம் கேக்கவே இல்ல."

வண்டியை ஓரம் கட்டினார். தார் ரோடு முடிகிற இடம் வரைக்குமாவது போகலாம், மெல்ல ஓட்டுகிறேன், டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னார். சொல்லும்போதே தெரியும், நடக்காது.

அவள் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"எடுங்க, மணி பத்தாகப்போகுது. டோக்கன் போயிடும்."