பள்ளிப்பட்டு ரோட்டு வளைவில் ஒரு பந்தயப் படம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல. மலைப்படி ஒன்றுகூட ஏறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பிரசாதம் எங்கே என்று கேட்க வேண்டாம். பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள்களை வாங்கி வைத்திருந்த ஏழு பேர், மலையடிவாரத்திலிருந்து பள்ளிப்பட்டு ரோட்டில் பந்தயம் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் படம் பிடிக்கத்தான் போனேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்காரவைத்து "அசையாதீங்க" என்று சொல்வதுதான் வேலை. எட்டு வருஷமாக அதையே சொல்லி, அந்த வார்த்தையே எனக்குக் கசந்துபோயிருந்தது. ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியரிடம் என் பழைய பந்தயப் படங்களைக் காட்டினேன். "என்ன ஐயா, வண்டியெல்லாம் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாற்போல இருக்கிறது? வேகம் தெரிகிற படம் ஒன்று கொண்டுவாரும். அட்டையில் போடுகிறேன், வேலையும் தருகிறேன்" என்றார். மாசி கடைசி வரைதான் கெடு.

வேகத்தை எப்படிப் படத்தில் கொண்டுவருவது? என் காமிராவின் ஷட்டர் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் போகாது. காமிராவை அசையாமல் பிடித்தால் வண்டி கலங்கிப்போகும். ஆனால் வண்டி வரும் தூரத்திலேயே அதைக் காமிராக் கண்ணாடிக்குள் பிடித்து, அதோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பி, திரும்பும்போதே விரலை அழுத்தினால் வண்டி துல்லியமாக விழும். பின்னால் இருக்கிற மரம் மட்டையெல்லாம் கோடு கோடாக ஓடும். இதை மணவூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்காமல் போகிற மெயில் வண்டிகளை வைத்து இரண்டு ஞாயிறு பழகினேன். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து ஒரு தைலம் சொன்னார்.

சென்ட்ரலில் காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி. அரக்கோணத்துக்கு ஏழு இருபது. அங்கே மாறி, திருத்தணியில் இறங்கும்போது எட்டு ஐந்து. மூன்றாம் வகுப்பில் மொத்தம் ஒரு ரூபாய் நாலணா. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் ஒரு மைல். காமிராப் பெட்டியும் முக்காலியும் இருந்ததால் ஜட்கா பிடித்தேன். அன்று முழுக்க உடன் இருக்க பன்னிரண்டணா பேசினேன். அடிவாரக் கடையில் இட்லி சுமார், காபி மோசம்.

புறப்படும் இடத்தில் ஏழு வண்டிகளும் நின்றன. அதில் அரக்கோணம் ரயில்வே பிட்டர் முனிரத்தினம் என்பவர் மட்டும் நான் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார். முப்பது வயசிருக்கும். கையெல்லாம் கிரீஸ்.

"எங்க நின்னா நல்ல படம் கெடைக்கும்?" என்றேன்.

"ஒண்ணேகால் மைல்ல ஒரு வளைவு இருக்குது சார். வேப்பமரம் ஒண்ணு நிக்கும். அங்கதான் நான் முந்தப்போறேன். நேர் ரோட்டுல எவன் வேணா போவான், வளைவுலதான் தெரியும்."

ஜட்காவில் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. இடம் பிரமாதம். ஆனால் தூசி. ஒரு கட்டை வண்டி போனதற்கே ஐந்து நிமிஷம் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. ஏழு மோட்டார் சைக்கிள் போனால் என் படத்தில் புழுதி மட்டும்தான் இருக்கும். ரோட்டோரக் கிணற்றடியில் ஓர் அம்மாள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். பக்கத்துச் சேரியில் வீடு, கிணற்றை ஒட்டிய நிலத்தில் கூலி வேலை, பெயர் கன்னியம்மா.

"அம்மா, இந்த வளைவில் கொஞ்சம் தண்ணி தெளிக்க முடியுமா? தூசி அடங்கணும். பத்திரிகையில் படம் வரப்போகுது."

"ஆங், அதுக்கின்னா சாமி. எங்க ஊரு ரோடு படத்துல வருதுன்னா நல்லா பண்ணிடறோம். நீங்க போய் உங்க வேலைய பாருங்க."

நான் வரப்பின்மேல் ஏறி, சூரியன் எங்கே வரும், எந்த உயரத்தில் நிற்கலாம் என்று பார்த்துக்கொண்டே ரோட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பத்து பதினைந்து. வளைவு முழுக்க ஈரமாக மின்னியது. கன்னியம்மாவும் இன்னும் நாலு பெண்களும் சாமி வரும் தெருவுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்திருந்தார்கள். குடம் குடமாகச் சாணித்தண்ணீர் ஊற்றி, மண் ரோட்டைத் துடைப்பத்தால் இழுத்து, வழவழவென்று மெழுகி, நடுவில் ஒரு கோலமும் போட்டிருந்தார்கள். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி கன்னியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுத்த ஈர ரோட்டில் வெயில் பட்டு வெள்ளிக்கோடு ஓடியது. இப்படி ஒரு வெளிச்சத்தை ஸ்டூடியோவில் நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் ஜட்காக்காரர் வண்டியை நிழலுக்குத் திருப்பினார். மெழுகிய இடத்தில் குதிரை கால் வைத்ததும் முன்னங்கால் விலகி, முழங்கால் தரையில் மோதியது. "மெள்ள நைனா, மெள்ள" என்று அவர் குதித்து இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தார். குதிரையை ஓரங்கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"சாமி, லாடம் போட்ட காலே நிக்கல. அந்த வண்டிங்க எப்படி வரும்? அதோ குவியலா மணல் கெடக்குது. அஞ்சு பேரும் சேந்து வாரிப் போட்டுடலாம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்திரண்டு. பந்தயம் கிளம்புவது பத்து முப்பதுக்கு. வளைவுக்கு வந்து சேர இரண்டு நிமிஷம். பத்து நிமிஷம் முழுசாக இருந்தது.

"நேரமில்லை. அவங்க பழகினவங்க, பாத்து வருவாங்க. நீங்க குதிரையை ஊருக்கு ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

மணல் போட்டால் மறுபடியும் தூசி. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், இங்கே சொல்கிறேன். வழுக்குகிற வண்டியைவிட வேகம் தெரிகிற படம் வேறு எது? குதிரையின் கால் விலகிய அந்த நிமிஷமே எனக்கு அது தோன்றிவிட்டது. ஜட்கா போய்விட்டது. பெண்கள் பந்தயம் பார்க்க வரப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் வேப்பமரத்தடியை விட்டு இறங்கி, ரோட்டோரப் பள்ளத்தில் முழங்கால் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் மெழுகிய இடம் முழுக்க என் கண்ணாடிக்குள் வந்தது. கண்ணாடியை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். எழுந்து கையை ஆட்டலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். இரண்டு தரமும் எழவில்லை.

பத்து முப்பத்திரண்டுக்குச் சத்தம் கேட்டது. முதல் வண்டியின் பின்சக்கரம் ஒரு சாண் விலகி, திரும்பவும் பிடித்துக்கொண்டது. அழுத்தினேன். இரண்டாவது ஆள் பயந்து ஓரமாகப் போனார். அவரை முந்த வெளிப்பக்கமாக வந்தார் முனிரத்தினம். வெளிப்பக்கத்தில்தான் சாணி கனமாக இருந்தது. அவரைக் கண்ணாடிக்குள் பிடித்தேன், இடுப்பைத் திருப்பினேன், வண்டி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. விரல் தானாக அழுத்தியது. அதற்குப் பிறகுதான் இரும்பு தரையில் உரசும் சத்தம் என் காதில் விழுந்தது.

பின்னால் வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முனிரத்தினத்தின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. "யாரு ரோட்டுல சாணி தெளிச்சது?" என்று பந்தயக்காரர்களில் ஒருவர் கத்தினார். கன்னியம்மா வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"நான்தான் சாமி. நல்லதுன்னு நெனச்சி பண்ணேன்."

அவரைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

படம் அட்டையில் வந்தது. வண்டி படுத்திருக்கிறது, ஒரு கை பிடியை விட்டுவிட்டது, முகம் நேராகக் காமிராவைப் பார்க்கிறது, பின்னால் உலகமே கோடாக ஓடுகிறது. ஆசிரியர் அன்றே வேலை கொடுத்தார்.

காமிராவோடு இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கிருத்திகை நாளில் போகாதீர்கள். ரயிலில் காமிராவுக்கு இடம் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. வெளிச்சம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நன்றாக இருக்கும். எட்டு படம்தான் சுருளில் இருக்கிறது என்றால் முதல் இரண்டையும் இடுப்புப் பழகவே செலவழியுங்கள். தூசியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வண்டிகளுக்குக் காற்று வரும் பக்கமாக நின்றால் பாதி குறையும். நிற்கப்போகிற வளைவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தரம் நடந்து பாருங்கள். உங்கள் கால் வழுக்கினால் காமிராவைக் கீழே வைத்துவிட்டு மணல் வாருங்கள்.

பங்குனியில், படத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அரக்கோணத்துக்குப் போனேன். முனிரத்தினம் கையில் கட்டோடு வீட்டில் இருந்தார். படத்தை இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா படம் சார் இது. எங்கம்மா அட்டைய பாத்து அழுதுகினு இருக்குது, நான் சிரிச்சிகினு இருக்கேன்." பிறகு கேட்டார்: "ஒண்ணு கேக்கணும் சார். வளைவ நான்தான் சொன்னேன், ஆனா அது எவ்ளோ நீளம். நான் உழப்போற எடத்துக்கு எதிர்லயே காமிராவ வெச்சிகினு இருந்தீங்களே, எப்படி?"

சொன்னேன். தண்ணீர் தெளிக்கச் சொன்னது, குதிரை, மணல், பத்து நிமிஷம் எல்லாம். அவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அந்தம்மா போன வாரம் இங்க வந்துது" என்றார். "எட்டு மைலுக்கு மேல, நடந்தே. ஒரு கோழிய எடுத்துகினு வந்துது. என் கால்ல உழுந்துது சார். எனக்குத் தெரியாது, நானும் பேசாம கோழிய வாங்கிகினேன்." படத்தை என்னிடம் நீட்டினார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. அங்க போய் சொல்லுங்க."

திருத்தணிக்கு அடுத்த வண்டி இரண்டு ஐம்பதுக்கு. டிக்கெட் மூன்றணா. ஸ்டேஷனிலிருந்து வளைவுக்கு இரண்டேகால் மைல், ஜட்கா பிடிக்கவில்லை. கன்னியம்மா வேர்க்கடலைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தார். யார் என்று அடையாளம் தெரிந்ததும் எழுந்து, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகே வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"அவரு கை கூடிச்சா சாமி?"